இரண்டு நினைவிலும் இல்லாதவர்கள்

பூசையில் உயிரோடு இருப்பவர்களை நினைக்க ஓர் இடம் உண்டு. மரித்தவர்களை நினைக்க வேறோர் இடம் உண்டு. பழைய லத்தீன் பூசையில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். எழுந்தேற்றத்துக்கு முன்னால் சாமியார் கைகளைக் குவித்துச் சற்று நிற்பார். உயிருள்ளவர்களின் பெயர்களை மனசுக்குள் சொல்லிக்கொள்வார். எழுந்தேற்றம் முடிந்து கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நிற்பார். இம்முறை மரித்தவர்களின் பெயர்கள். இன்றைய தமிழ்ப் பூசையிலும் இரண்டும் இருக்கின்றன. கடலுக்குப் போய்த் திரும்பாதவனை, உடலும் கரைசேராதவனை, இவற்றில் எதில் சேர்ப்பது?

தருவைகுளத்தில் இந்தக் கேள்வி பூசைக் கருத்து எழுதுகிற நோட்டில் வந்து நிற்கிறது. வழிவலைப் படகில் போய்க்கொண்டிருந்த நான், முழங்கால் ஒத்துழைக்காமல் போனபின் கோயிலில் உபதேசியார் வேலை பார்க்கிறேன். நோட்டு என் பொறுப்பு. தேதி, பெயர், கருத்து, காணிக்கை என்று நான்கு கோடு போட்ட சாதாரண நீள நோட்டுதான். சுகம் பெற, பரீட்சையில் தேற, படகுக்கு நல்ல பாடு கிடைக்க, நன்றியாக என்று ஒரு வகை. ஆன்ம இளைப்பாற்றி, முப்பதாம் நாள், ஆண்டு நினைவு என்று இன்னொரு வகை. எங்கள் ஊர்ப் படகுகள் பத்துப் பதினைந்து நாள் தங்கல் போட்டுச் சூரைக்கும் கேரைக்கும் தெற்கே வெகுதூரம் போகிறவை. 2023 அக்டோபரில் பன்னிரண்டு பேரோடு ஒரு படகை மாலத்தீவுக் கடலோரக் காவல்படை பிடித்து வைத்தபோது வீட்டுப் பெண்கள் அழுதபடிதான் வந்தார்கள். ஆனால் என்ன எழுதுவது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்: விடுதலையாகி வர. பிடிபட்டவனுக்கு நோட்டில் இடம் இருக்கிறது.

இரவில் வலை வாங்கும்போது தவறி விழுந்தவனின் மனைவி வந்தபோதுதான் என் பேனா நின்றுபோனது. கூடப் போனவர்கள் தேடினார்கள், பக்கத்துப் படகுகள் தேடின, கோஸ்ட்கார்டு விமானம் வந்து தேடியது. ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை கோயில் வாசலில் நின்றுகொண்டு, "சித்தப்பா, அவருக்கு எதுல எழுதுவீய?" என்று கேட்டாள். சுகமாக வர என்று எழுதினால் பொய் நம்பிக்கை கொடுத்தவனாவேன். இளைப்பாற்றி என்று எழுதினால் அவளுக்கு முன்னால் நானே அவனைக் கொன்றவனாவேன். பேரை மட்டும் எழுதி, கருத்துக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். அந்த வெறுங்கட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதற்கு வழி தேடும்போது, தலைக்கு மேலே பறந்து தேடிய அந்த விமானத்தையும் அதில் இருப்பவர்களையும் பற்றி நான் யோசிக்க வேண்டியதாயிற்று. எனக்குக் கிடைத்த பதிலில் பாதி அவர்கள் வேலையிலிருந்து வந்தது.

டோர்னியர் 228 எங்கள் கண்ணுக்குப் பழகிய விமானம். ஜெர்மன்காரர்கள் வடிவமைத்தது, கான்பூரில் எச்.ஏ.எல். கட்டுகிறது. 1980களின் பிற்பகுதியிலிருந்து கடலோரக் காவல்படையில் ஓடுகிறது, கடற்படையிலும் இருக்கிறது. இறக்கை உடம்புக்கு மேலே, இரண்டு பக்கமும் விசிறி, வயிற்றுக்கடியில் ராடார் கூடு. காரைச்சல்லித் தீவைத் தாண்டி வெளியே போனால் என்றைக்காவது ஒருநாள் வந்துவிடும். முதலில் சத்தம் கேட்காது. காற்றுக்கு எதிர்ப்பக்கமிருந்து தாழ வந்து, படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண் தெரிகிற அளவுக்கு நெருங்கி, ஒரு சுற்றுச் சுற்றும். அப்போது வி.எச்.எஃப். பதினாறாம் சேனலில் குரல் வரும். எந்த ஊர், எத்தனை பேர், எங்கே போகிறீர்கள். புயல் அறிவிப்பு இருந்தால் தமிழிலேயே சொல்லி, கரைக்குத் திரும்பச் சொல்வார்கள். இலங்கை எல்லைப் பக்கம் சாய்ந்திருந்தால் குரலில் கண்டிப்பு ஏறும். எங்கள் பையன்களில் சிலருக்கு அந்தச் சத்தம் கேட்டாலே எரிச்சல்; வேவு பார்க்க வந்துட்டான் என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடல் அட்டை கடத்துகிறவனையும் நெய்மீனுக்கு வலை விட்டவனையும் அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கிற கண் முதலில் ஒரே மாதிரிதான் பார்க்கும். ஆனால் தேடுகிற நாளில் அதே கண் வேறு வேலை செய்கிறது.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று, இப்படிப்பட்ட விமானத்தில் அப்சர்வராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எனக்கு விளக்கினார். தூத்துக்குடி பனிமய மாதா திருநாளுக்கு வந்திருந்தார். ஆகஸ்ட் வெயிலில் கோயில் சுவரோரம் நின்று பேசிக்கொண்டிருந்தோம். ஆள் கடைசியாக இருந்த இடத்தைக் குறித்துக்கொள்வார்களாம். அங்கிருந்து காற்று எவ்வளவு தள்ளியிருக்கும், நீரோட்டம் எவ்வளவு இழுத்திருக்கும் என்று கணக்குப் போடுவார்களாம். படகு என்றால் காற்றுக்குக் கட்டுப்படும். தண்ணீரில் கிடக்கிற மனிதன் நீவாட்டுக்கு, அதாவது நீரோட்டத்துக்கு, கட்டுப்படுவான். இரண்டும் வேறு வேறு திசையில் போகும். இதை எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றேன், அவர் தலையாட்டினார். நேரம் போகப் போகத் தேட வேண்டிய வட்டம் விரிகிறது. வட்டத்தின் ஆரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். அந்தப் பரப்பை உழவுச் சால் போல இணைகோடுகளாகப் பிரித்து, ஒரு கோட்டில் போய் அடுத்த கோட்டில் திரும்புவார்கள். ஜன்னலோரம் இருப்பவர் ஒரே இடத்தை முறைத்துப் பார்க்கக் கூடாது. முறைத்தால் கண் எதையும் பார்க்காமல் உறைந்துவிடும். கிட்டத்திலிருந்து தூரத்துக்கும் தூரத்திலிருந்து கிட்டத்துக்கும் பார்வையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். தண்ணீரில் மிதக்கும் மனிதனில் வெளியே தெரிவது தலை மட்டும்தான். கச்சான் காற்று ஓங்கி அடித்துக் கடல் முழுக்க வெள்ளை முறியும் நாளில், ஒவ்வொரு வெள்ளையும் ஒரு தலையாகத் தெரியும், ஒவ்வொரு தலையும் வெள்ளைக்குள் மறையும்.

"உயிரோட இருப்பார்னு நினைச்சுத் தேடுவீங்களா, இல்ல உடம்பாவது கிடைக்கட்டும்னு தேடுவீங்களா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அண்ணாச்சி, கோட்டுல பறக்கும்போது அந்தக் கேள்வியே வராது. ராஃப்ட் தயாராத்தான் இருக்கும், பார்த்ததும் போட. உடம்பு தெரிஞ்சா அதையும் குறிச்சுக்கிடுவோம். பார்க்கிறது ஒரே பார்வைதான்."

பார்க்கிறது ஒரே பார்வை என்று அவர் சொன்னதை நான் இன்னும் விடவில்லை. உயிருள்ளவர் நினைவு, மரித்தவர் நினைவு என்று பூசை இரண்டாகப் பிரிக்கிறதை அந்த ஜன்னலோர மனிதர் பிரிக்கவில்லை. பிரித்தால் அவரால் வேலை செய்ய முடியாது.

அப்படித் தேடிக்கொண்டிருப்பவர்களே காணாமல் போன ஒரு ஜூன் மாதமும் எங்கள் கரையில் உண்டு. 2015 ஜூன் 8, திங்கட்கிழமை. சிஜி 791 என்ற எண் கொண்ட கடலோரக் காவல்படை டோர்னியர் மாலை ஐந்தரை மணி வாக்கில் சென்னையிலிருந்து எழும்பியது. தமிழ்நாட்டுக் கரையையும் பாக் விரிகுடாவையும் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்குள் திரும்ப வேண்டும். உள்ளே அதிகாரிகள் மூன்று பேர்: வித்யாசாகர், சுபாஷ் சுரேஷ், எம்.கே. சோனி. ஒன்பது மணி வாக்கில் கடைசியாகப் பேசினார்கள். 9.23க்குத் திருச்சி ராடாரில் கடைசிப் புள்ளி. காரைக்கால் பக்கத்துக் கடலுக்கு மேல் அந்தப் புள்ளி அணைந்தது. அதற்குப் பிறகு உதவி கேட்டு எந்தக் குரலும் வரவில்லை.

கடற்படைக் கப்பல்களும் கடலோரக் காவல்படைக் கப்பல்களும் போயின. விமானங்கள் போயின, அவற்றில் டோர்னியர்களும் உண்டு. நினைத்துப் பாருங்கள்: அதே ஜன்னல், அதே இணைகோடு, அதே பார்வை, ஆனால் தேடப்படுகிறவர் நேற்றுவரை இந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தவர். மேலே எதுவும் தெரியவில்லை என்றதும் தேடல் கீழே இறங்கியது. விமானத்தில் ஒரு கருவி இருக்கிறது. தண்ணீரில் மூழ்கினால் தானாக ஒலி விடும், ஏறத்தாழ ஒரு மாதம் மட்டும். அந்த ஒலி விட்டுவிட்டுக் கேட்டது. அதைக் காதுகொடுத்துக் கேட்க சிந்துத்வஜ் என்ற நீர்மூழ்கிக் கப்பலைக் கொண்டுவந்தார்கள். தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் சாகர் நிதி வந்தது. கடைசியில் ஜூலை 10ஆம் தேதி ஒலிம்பிக் கேன்யன் என்ற கப்பல், கடலூருக்குத் தென்கிழக்கே, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் விமானத்தின் பதிவுப் பெட்டியைக் கண்டெடுத்தது. அதைத் தொடர்ந்து உடைந்த பாகங்கள், சில எலும்புகள், ஒரு கைக்கடிகாரம்.

ஒரு மாதத்துக்கு மேல் அந்த மூன்று வீடுகளிலும் அந்த வெறுங்கட்டம் இருந்தது. அவர்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள், யாரை வேண்டினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. எங்கள் கடற்கரைச் செபமாலையில் மூன்று பேரின் பெயரையும் சேர்த்தேன். செபமாலை முடிந்ததும் ஒரு இளவட்டம் வந்து, பிளேன்ல போனவங்க நமக்கு என்ன முறை வேணும் என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள், மணலில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி அவனை அதட்டினாள்: "கடல்ல விழுந்தவன் எல்லாம் கடல்காரன்தாம்ல. பேரைச் சொல்லட்டும், நீ சும்மா இரு." எனக்கு அதற்குமேல் தத்துவம் தேவைப்படவில்லை.

அந்த முறை வெறும் வாய்ச்சொல் அல்ல. அதே 2015இல் மார்ச் 24 இரவு, கோவாவுக்கு அப்பால் கடற்படையின் டோர்னியர் ஒன்று விழுந்தது. உள்ளே மூன்று பேர். கிரண் செகாவத், அபினவ் நகோரி என்ற இரண்டு இளம் அதிகாரிகள் இறந்தார்கள். கிரண், கடமையில் உயிர்விட்ட கடற்படையின் முதல் பெண் அதிகாரி, அப்சர்வராக இருந்தவர். மூன்றாமவரான கமாண்டர் நிகில் ஜோஷியைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்தது ஒரு மீன்பிடிப் படகு. மேலிருந்து எங்களைத் தேடுகிறவனைக் கீழிருந்து நாங்கள் எடுத்த கதை இது. கோவாவா தருவைகுளமா என்பது இதில் பெரிய வேறுபாடு இல்லை.

இதில் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. காணாமல் போன ஆட்டைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையில் மேய்ப்பன் கண்டுபிடிக்கும்வரை தேடுகிறான். விமானத்தில் எரிபொருள் முள் இருக்கிறது. முள் குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் திரும்பியே ஆக வேண்டும். இல்லையென்றால் தேடப்படுகிறவர்களின் எண்ணிக்கைதான் கூடும். பொழுது சாயும், புயல் வரும், வேறொரு படகிலிருந்து கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கு அழைப்பு வரும். கடவுள் கேட்பது எல்லையில்லாத தேடல், மனிதனிடம் இருப்பது சில மணி நேர எரிபொருள். இந்த இடைவெளியை நம் பிரசங்கங்கள் தாண்டிக்குதித்து விடுகின்றன. கடவுளுக்கு யாரும் காணாமல் போவதில்லை என்று ஆறுதல் சொல்கிறோம். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வாசலில் நிற்கிற அந்தப் பிள்ளை கேட்டது கடவுளுக்குத் தெரியுமா என்று அல்ல. அவளுக்குத் தெரியவில்லையே என்றுதான். கடவுளுக்குத் தெரிந்திருப்பதால் நாம் தேட வேண்டாம் என்று யாராவது சொன்னால், அவர் கடவுள் பெயரால் சோம்பலைப் போதிக்கிறார்.

புனித அகுஸ்தினார் இந்த விஷயத்தில் ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார், 421ஆம் ஆண்டு வாக்கில். நோலா நகர ஆயர் பவுலினுஸ் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஒரு தாய் தன் மகனைப் புனிதர் ஒருவரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யக் கேட்டிருக்கிறாள். அதனால் மகன் ஆன்மாவுக்கு நன்மை உண்டா? அகுஸ்தினாரின் பதில் தெளிவானது. அடக்கச் சடங்கும் கல்லறையும் இருப்பவர்களுக்கு ஆறுதல். இறந்தவர்களுக்கு உதவுவது மன்றாட்டுதான். அடக்கம் கிடைக்காத உடலும் உயிர்ப்பில் எதையும் இழக்காது. அதற்குப் பத்தாண்டுக்கு முன் ரோமாபுரி சூறையாடப்பட்டபோது தெருவில் கிடந்த பிணங்களை நினைத்து அழுதவர்களுக்கும் இதையே எழுதியவர் அவர். இதில் ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் இருப்பவர்களின் ஆறுதல் என்று அவர் ஒரு பக்கம் ஒதுக்கிவைப்பதை, எங்கள் ஊரில் ஒதுக்கிவைக்க முடியாது. கல்லறைத் திருநாளன்று, நவம்பர் 2இல், சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போவார். பூ வைத்து மெழுகுதிரி ஏற்றிக் குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். நிற்க இடமில்லாமல் பாதையில் நடந்துகொண்டே இருக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தோபித்து ஆகமத்தில், தெருவில் ஓர் உடல் கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் தோபித்து சாப்பாட்டை விட்டு எழுந்து போகிறார். ஆன்மாவுக்கு அதனால் என்ன லாபம் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களில் ஒன்றாகத் திருச்சபை வைத்திருப்பது இந்த மனிதரை முன்னிட்டுத்தான். அகுஸ்தினாரையும் தோபித்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தேடல் விஷயத்தில் நான் தோபித்து பக்கம் நிற்பேன்.

எங்கள் கடலில் இப்படிக் கைவிடாமல் இருப்பதற்கு இன்னும் பழைய வழக்கம் உண்டு. முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது 1961இல். பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: கல்லைக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறவனின் கயிற்றைப் பெரும்பாலும் மச்சான் முறைக்காரன்தான் பிடிப்பானாம். தன் தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பதால். கயிறு அசைந்தாலும் அசையாவிட்டாலும் அவன் கையை விட மாட்டான். மேலே இருப்பவன் விடாமல் பிடித்திருக்கிறான் என்ற தெம்பில்தான் கீழே போகிறவன் மூச்சைப் பிடித்தான். டோர்னியரில் போகிறவர்களுக்குக் கயிறு இல்லை.

தேடலை எப்போது நிறுத்துவது? சட்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு: ஏழு வருஷம் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம். 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களில் அந்த ஏழு வருஷத்தை எவ்வளவு பேர் தாங்கியிருக்க முடியும்? கிடைத்த உடல்களில் பல டி.என்.ஏ. சோதனை செய்யாமல் அடையாளம் தெரியாத நிலையில் இருந்தன. 2014இல் மறைந்த மலேசிய விமானம் எம்.எச். 370ஐ, அதில் இருந்த 239 பேரை, நம் அரக்கோணம் ராஜாளிக் கடற்படைத் தளத்து பி-8ஐ விமானங்களும் போய்த் தேடின. பெருங்கடலின் அடியைத் துழாவிய பின் 2017 ஜனவரியில் அந்தத் தேடலை நிறுத்தி வைத்தார்கள். 2016 ஜூலை 22இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போன விமானப்படையின் ஏ.என். 32, 29 பேரோடு வங்கக்கடலுக்கு மேல் மறைந்தது. தேடி ஓய்ந்து, இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று குடும்பங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். 2024 ஜனவரியில், ஏழரை வருஷம் கழித்து, ஆளில்லாக் கருவி ஒன்று 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் எடுத்து வந்தது. அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கு ஒரு குடும்பமாவது மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு. 1942 ஏப்ரல் 4. இலங்கையின் தென்கரையில் கொக்கலைத் தளத்திலிருந்து போன ஒரு கேட்டலினா கடல் விமானம், கனடாக்காரர் லெனார்ட் பெர்ச்சால் ஓட்டியது, இலங்கையை நோக்கி வரும் ஜப்பானியக் கடற்படையைப் பார்த்துவிட்டது. செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. செய்தி பாதியில் நின்றது. அதன்பின் கொழும்பில் யாராக இருந்தாலும் என்ன நினைத்திருப்பார்கள்? ஆனால் ஒன்பது பேரில் ஆறு பேர் பிழைத்துக் கைதிகளானார்கள். பெர்ச்சால் 1945இல் உயிரோடு விடுதலையானார், 2004வரை வாழ்ந்தார்.   செய்தி நின்றதும் இளைப்பாற்றி எழுதப் போகிறவனுக்கு நான் பெர்ச்சாலைத்தான் காட்டுவேன். ஏழு வருஷம் காத்திரு என்கிறவனுக்குத் தூத்தூரைக் காட்டுவேன்.

அப்படியானால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? விடை, நான் தினமும் வாயால் சொல்லிக்கொண்டிருந்த செபத்திலேயே கிடந்தது. அருள் நிறைந்த மரியே செபத்தின் பிற்பாதி இரண்டு நேரங்களுக்காகக் கேட்கிறது: நாம் நிற்கிற இந்த நேரத்துக்காக, பிறகு நம் சாவு நேரத்துக்காக. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறது. கடவுளின் பார்வையில் நேரங்கள் வரிசையில் நிற்பவை அல்ல என்று திருச்சபை நம்புவதால், நேற்றிரவு முடிந்துபோன ஒருவனின் கடைசி நேரத்துக்காகவும் இன்று காலை கேட்கலாம். அவன் மிதந்துகொண்டிருந்தால் அது அவன் கைக்குப் பலம். அவன் போய்விட்டிருந்தால் போகும்போது அவன் தனியாக இல்லை. தெரிந்துகொண்ட பிறகுதான் வேண்ட வேண்டும் என்பதில்லை. அப்சர்வர் சொன்ன ஒரே பார்வை இதுதான். அவர் ஜன்னலில் செய்வதை எங்கள் பெண்கள் மணலில் உட்கார்ந்து மணி உருட்டிச் செய்கிறார்கள். தேடல் என்பதே காணாமல் போனவருக்கான நினைவு. பூசையின் இரண்டு நினைவுகளுக்கும் நடுவே விடுபட்ட இடத்தை அதுதான் நிரப்புகிறது. இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. உயிரோ உடலோ என்று முன்கூட்டித் தீர்ப்புச் சொல்லாமல், இன்னொருவனுக்காகத் தன் கண்ணையும் நேரத்தையும் சில சமயம் உயிரையும் வைக்கிறவன் மன்றாடுகிறான் என்றே நம்புகிறேன், அவன் வாயில் எந்தச் சாமி பெயரும் வராவிட்டாலும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். இந்த விமானங்கள் இரக்கத்துக்காகக் கட்டப்பட்டவை அல்லவே. 1988 முதல் 2017 வரை கடற்படையில் இருந்த பெரிய டி.யு. 142 விமானம் நீர்மூழ்கிகளைத் தேடி அழிக்க வந்தது. அதன் இடத்துக்கு 2013இல் வந்த பி-8ஐயும் டார்பிடோவும் ஏவுகணையும் தூக்குகிறது. உச்சிப்புளிப் பருந்துத் தளத்திலிருந்து பறப்பவை எல்லையைக் காக்கப் பறப்பவை. உண்மை. வாளை உருக்கிக் கலப்பை ஆக்குவதைப் பற்றித் தீர்க்கதரிசி எசாயா சொன்னார்; இங்கே வாளை யாரும் உருக்கவில்லை. உருக்காத வாளாகவே அது சில நாட்களில் எங்கள் ஆட்களைத் தேடுகிறது. அந்த நாட்களுக்கு நான் நன்றி சொல்வேன், மற்ற நாட்களுக்காகச் சமாதானத்தை வேண்டுவேன். கருவி ஒன்றுதான் என்பதற்காக இரண்டையும் ஒன்றாக்க எனக்கு மனமில்லை.

அந்தப் பிள்ளையிடம், இப்போதைக்குப் பூசை எழுத வேண்டாம், செபமாலை சொல்லும்மா என்றேன், காரணத்தையும் சொன்னேன். அவள் அப்படியே சொன்னாள். கச்சான் போய், வாடை வந்து, மறுபடி கச்சான் தொடங்கின பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவளே வந்து, "சித்தப்பா, இளைப்பாற்றின்னு எழுதிருங்க" என்றாள். எழுதினேன். அவளுக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை, பங்குச் சாமியாருக்கும் இல்லை, கலெக்டர் ஆபீசுக்கும் இல்லை. சான்றிதழும் நிவாரணமும் சீக்கிரம் வர வேண்டும்; அது வயிற்றுக்கான நீதி, அதைத் தாமதிக்கக் கூடாது. ஆனால் எந்த நினைவில் சேர்ப்பது என்பதைக் காத்திருந்தவள்தான் தீர்மானிக்க வேண்டும்.

பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் ஊருக்கு ஏற்ற மன்றாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். கடலில் காணாமல் போனவர்களுக்காகவும் அவர்களைத் தேடுகிறவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கல்லறைத் திருநாளில் கல்லறைத்தோட்டம் முடிந்ததும் கடற்கரைக்கு வந்து தண்ணீரில் தீர்த்தம் தெளிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். சாமியார் இரண்டாவதற்கு உடனே சம்மதித்தார். முதலாவதில் ஒரு சந்தேகம் கேட்டார்: தேடுகிறவர்கள் என்று சொன்னால் போதாதா, விமானத்தில் போகிறவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? வேண்டும் என்றேன். கப்பலில் தேடப் போகிறவனுக்குப் பக்கத்தில் எங்கள் படகு போகும், அவன் விழுந்தால் நாங்கள் எடுப்போம். இருட்டில் கடலுக்கு மேலே பறக்கிறவனுக்குப் பக்கத்தில் யாரும் போக முடியாது. அதோடு ஜூன் 8ஆம் தேதிப் பூசையில் சிஜி 791இன் மூன்று பேர் பெயரையும் வாசிக்கக் கேட்டேன். அவர்கள் நம் பங்கைச் சேர்ந்தவர்கள் இல்லையே என்றார். மன்றாட்டையும் இந்தப் பெயர் வாசிப்பையும் பங்குப் பேரவையில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கிழவியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.